ஒட்டடைக்கு ஒரு நாடாளுமன்றம்

2013 ஜூலை 9ஆம் தேதி சிங்கப்பூர் நாடாளுமன்றம் ஒட்டடையைப் பற்றி விவாதித்தது. கிண்டல் இல்லை. நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. எடுத்துப் படிக்கலாம்.

பிடோக் நார்த் ஸ்திரீட் 3இல் புளோக் 511, புளோக் 538 என்று இரண்டு உணவங்காடி நிலையங்கள். அவற்றின் கூரையை யார் துடைப்பது? மேலே ஏறச் சாரம் கட்ட யார் காசு கொடுப்பது? இதுதான் வழக்கு. ஒரு பக்கம் தேசிய சுற்றுப்புற வாரியமும் அதற்குப் பொறுப்பான அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனும். மறுபக்கம் அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் நகர மன்றமும் அதை நடத்திவந்த பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம், பிரித்தம் சிங் இருவரும். நடுவில், மீ சியாமும் பராட்டாவும் விற்றுப் பிழைப்பவர்கள்.

உணவங்காடி நிலையக் கூரையை நிமிர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காத்தாடி இறக்கையின் ஓரத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்து கருத்த பசையாகத் திரண்டிருக்கும். விளக்குக் குழாயின் முதுகில் மைனா உட்கார்ந்து போன தடம் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். பத்து வெள்ளி விளக்குமாறு எட்டாது. சாரம் வேண்டும். சாரம் கட்டினால் கடைகளை மூட வேண்டும். கடையை மூடினால் அன்றைய வருமானம் போச்சு. கடைக்காரர் கவலை அவ்வளவுதான். அதற்கு ஒரு பொறியாளரும் ஒரு காசோலையும் போதும்.

கிடைத்தது நாடாளுமன்றம். வாரிய அதிகாரி ஒருவர் பிப்ரவரியில் அனுப்பிய மின்னஞ்சலில், சாரம் கட்டும் ஏற்பாட்டைக் கடைக்காரர் சங்கமே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வரி. நகர மன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அந்த வரிக்கு அது அர்த்தமே இல்லை என்றது அமைச்சு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள்கூட ஒரு வரியை இந்தப் பாடு படுத்தியதில்லை. யார் யாருக்கு எப்போது எழுதினார், யார் எதை மறைத்தார், யார் பொய் சொன்னார் என்று கடிதக் கட்டுகள் வெளியாயின. கேள்வி கூரையைப் பற்றியதல்ல, நேர்மையைப் பற்றியது என்றாயிற்று. பிரதமர் லீ சியன் லூங்கும் தம் பங்குக்குக் கருத்துச் சொன்னார். ஒரு மின்விசிறியின் அழுக்குக்கு இத்தனை மேன்மக்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மக்கள் மன்றம் அதிகாரிகளைக் கேள்வி கேட்பது தப்பா? இல்லவே இல்லை. கேட்கட்டும். கேட்பதற்குத்தான் நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். நம் கேள்வி ஒன்றே ஒன்று. இத்தனை கூர்மையான பூதக்கண்ணாடி இவர்களிடம் இருக்கிறதே, அது ஏன் எப்போதும் ஒரே திசையில் திரும்புகிறது?

பத்து வருடம் தள்ளிப் போவோம். 2023. அதே விவியன் பாலகிருஷ்ணன். வேறொரு கூரை. இந்தத் தடவை உணவங்காடி நிலையம் அல்ல, ரிடவுட் ரோட்டில் காலனி காலத்துக் கறுப்பு-வெள்ளை பங்களா. எண் 31 அவருக்கு, எண் 26 அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகத்துக்கு. இரண்டும் அரசாங்கச் சொத்து. வாடகைக்கு விட்டது சிங்கப்பூர் நில ஆணையம். அந்த ஆணையம் சட்ட அமைச்சின் கீழ் இருக்கிறது. அதாவது, வாடகைக்கு இருந்தவரின் அமைச்சுக்குக் கீழேதான் வீட்டுக்காரர் இருந்தார். வீடமைப்புக் கழக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு வாடகைக்காரனின் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் அம்மாக்களுக்கு இந்த நிலைமை ஓரளவு புரியும்.

யார் விசாரித்தார்கள்? லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. அது பிரதமருக்குக் கீழே. இன்னொரு பரிசீலனையை மூத்த அமைச்சர் டியோ சீ ஹியன் செய்தார். அவர் அப்போது அமைச்சரவைச் சகா. ஜூன் 28ஆம் தேதி அறிக்கைகள் வெளிவந்தன. ஜூலை 3ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பேசினார்கள். இரண்டு வீடுகளையும் வாடகைக்கு விடும் முன் சீர்படுத்த நில ஆணையம் செலவழித்தது மொத்தம் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல். பழமை காக்கப்பட வேண்டிய கட்டடம், அப்படித்தான் செய்ய வேண்டும், எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். தவறு எதுவும் நடக்கவில்லை, சலுகை எதுவும் காட்டப்படவில்லை என்பது முடிவு.

சரி. தவறில்லை என்றால் தவறில்லை. அதைப் பற்றி இங்கே மேல்முறையீடு செய்யப்போவதில்லை. விசாரித்த விதத்தைத்தான் பார்க்கச் சொல்கிறோம். பிடோக் கூரைக்கு, எதிர்த்தரப்பின் மின்னஞ்சல்களை அமைச்சரே மேசைமேல் கொட்டி, அவரே குற்றம் சாட்டி, அவரே குறுக்கு விசாரணை செய்தார். ரிடவுட் கூரைக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டுச் சரி என்றார். வெளியிலிருந்து தனி விசாரணைக் குழு வைத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு, எதற்கு என்ற பதில். கூரை உயர உயர இங்கே குரல் தாழ்ந்துவிடுகிறது.

நகர மன்றம் என்றால் கேட்கவே வேண்டாம். 2015 பிப்ரவரி 9ஆம் தேதி அதே அல்ஜுனிட் நகர மன்றத்தைப் பற்றித் தலைமைக் கணக்காய்வாளரின் சிறப்பு அறிக்கை வந்தது. குறைகள் இருந்தன. உண்மையான குறைகள். கணக்கு சரியாக இல்லை, இருப்பு நிதிக்குப் பணம் நேரத்தில் போகவில்லை, நிர்வாகம் செய்த நிறுவனத்தோடு இருந்த உறவு முறையாக வெளியே சொல்லப்படவில்லை. பாட்டாளிக் கட்சிக்காக இங்கே யாரும் அழவில்லை. கணக்கை ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எந்தக் கட்சியானாலும் கூண்டில் ஏறத்தான் வேண்டும். ஏற்றினார்கள். மூன்றே நாளில் தீர்மானம். பிப்ரவரி 12, 13 இரண்டு நாள் விவாதம். அதற்குப் பிறகு வழக்கு, மேல்முறையீடு என்று கிட்டத்தட்டப் பத்து வருடம் ஓடியது.

அதே 2015இன் ஜூலையில் அதே தலைமைக் கணக்காய்வாளர் இன்னொரு அறிக்கை தந்தார். இந்தத் தடவை மக்கள் கழகம். அதன் தலைவர் யார் என்று தெரியாதவர்களுக்காக: பிரதமர். 91 சமூக மன்ற நிர்வாகக் குழுக்களைச் சோதித்துப் பார்த்ததில், 35 குழுக்கள் 53 வாடகை ஒப்பந்தங்களைப் போட்டியில்லாமல், அதற்கு முறையான ஒப்புதலும் இல்லாமல் கொடுத்திருந்தன. மதிப்பு 17.78 மில்லியன் வெள்ளி. ஒரு குழுவின் தலைவர், தனக்கு வர வேண்டிய பணத்துக்குத் தானே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு பார்த்ததில் நாணயக்கேடு எதுவும் இல்லை என்றார்கள். இருக்கலாம். தொண்டூழியர்கள் பாவம், விதிமுறை தெரியாது என்றார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நாள் விவாதம் எங்கே? தீர்மானம் எங்கே? செப்டம்பரில் பொதுத்தேர்தலே வந்து போய்விட்டது.

2021இல் ஓர் இளம் எம்.பி. நாடாளுமன்றத்தில் பொய் சொன்னார். பாட்டாளிக் கட்சியின் ரயீசா கான். பொய்தான், அவரே பிறகு ஒப்புக்கொண்டார். சிறப்புரிமைக் குழு கூடியது. சாட்சிகள் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். காணொளிகள் எல்லாம் வெளியிடப்பட்டன. ஆயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை. அவருக்கு 35,000 வெள்ளி அபராதம். அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங்கின் விவகாரம் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குப் போய், 2025இல் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது. எல்லாம் முறைப்படி. எல்லாம் பதிவில்.

அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சபாநாயகர் டான் சுவான் ஜின். 2023 ஜூலையில் அவரே பதவி விலகினார், சக உறுப்பினர் ஒருவரோடு இருந்த தகாத உறவுக்காக. பிரதமருக்கு அது 2020 பொதுத்தேர்தலுக்குப் பிறகே தெரியவந்து, அறிவுரையும் சொல்லியிருந்தார். இதற்குக் குழு கூடியதா? சாட்சிகள் உட்கார்ந்தார்களா? யாருக்கு எப்போது தெரியும் என்று ஆயிரம் பக்கம் எழுதினார்களா? ஆகஸ்ட் 2ஆம் தேதி பிரதமர் ஓர் அமைச்சர்நிலை அறிக்கை வாசித்தார். அதே அறிக்கையில் அமைச்சர் எஸ். ஈஸ்வரன் ஊழல் விசாரணையில் கைதான விவகாரத்தையும் சேர்த்துக்கொண்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஈஸ்வரனை நீதிமன்றம் 12 மாதம் சிறைக்கு அனுப்பியது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அமைச்சர் ஒருவர் சிறைக்குப் போகும் ஊர்கள் உலகத்தில் அதிகம் கிடையாது, அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் அவரை எம்.பி. பதவியிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைக்க எதிர்க்கட்சி உறுப்பினர் ஹேசல் புவா கொண்டுவந்த தீர்மானத்தை 2023 செப்டம்பரில் தோற்கடித்தது இதே மன்றம். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமாம். நியாயம்தான். பிடோக் கூரைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு யாருக்கும் நினைவு வரவில்லை.

இப்போது குப்பைத் தொட்டிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இது. பதிவேடுகளில் கவிதையும் உண்டு என்பதற்கு அத்தாட்சி.

2016 ஜூலையில் வந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை. விக்டோரியா அரங்கத்துக்குப் பக்கத்தில் தேசியக் கலைகள் மன்றம் ஒரு குப்பை சேகரிப்பு மையம் கட்டியது. கட்டுமானச் செலவு 470,000 வெள்ளி. அதை எப்படிக் கட்டுவது என்று யோசனை சொன்ன ஆலோசகருக்குக் கட்டணம் 410,000 வெள்ளி.

இன்னொரு முறை படியுங்கள். குப்பை போடும் இடம் 470,000. குப்பை போடும் இடத்தைப் பற்றி யோசிக்க 410,000. கட்டணம் இத்தனை அதிகமாக இருக்கிறதே, இது நியாயம்தானா என்று யாராவது சரியாக ஆராய்ந்தார்களா என்று பார்த்தால், போதிய அளவு ஆராயவில்லை என்றது அறிக்கை. உங்கள் வீட்டில் சமையலறைத் தரைக்கு ஓடு பதிக்க வருகிற ஆள், "ஓட்டுக்கு ஐயாயிரம், அதை எங்கே பதிப்பது என்று யோசிக்க நாலாயிரத்து நானூறு" என்றால் என்ன செய்வீர்கள்? வாசலிலேயே நிறுத்தி டீ கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். இங்கே காசோலை எழுதினார்கள்.

விளக்கம் வந்தது. வராமல் இருக்குமா? அமைச்சர் கிரேஸ் ஃபூ நாடாளுமன்றத்தில் சொன்னார்: பாரம்பரியக் கட்டடங்கள் சூழ்ந்த இடம், நெருக்கமான இடம், பல கட்டடங்களின் குப்பையும் அங்கே வரும், சிக்கலான வேலை. கட்டணம் நியாயமானதுதான், ஆனால் மதிப்பீட்டைச் செம்மையாகச் செய்து பதிவு செய்திருக்கலாம். அதாவது, பணம் சரி. காகிதம்தான் குறை. இந்த ஊரில் பணத்துக்குக் காகிதம் இருந்தால் போதும், பணம் எங்கே போனது என்பது இரண்டாவது கேள்வி.

அதற்கு நாலு வருடம் முன்னால் தேசியப் பூங்காக் கழகம் 26 பிராம்ப்டன் மடக்கு சைக்கிள்கள் வாங்கியது. ஒன்று 2,200 வெள்ளி. மொத்தம் 57,200. ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு வியாபாரி. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மணிக்குச் சில வெள்ளிக்கு வாடகைச் சைக்கிள் எடுக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், பூங்காவைச் சுற்றிப் பார்க்க லண்டனில் செய்த சைக்கிள் வேண்டியதில்லை. அமைச்சர் கா பூன் வான் முதலில் வாங்கியதை நியாயப்படுத்தினார். பிறகு உள்தணிக்கையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்து விவகாரம் விசாரணைக்குப் போனது. கடைசியில், வாங்கிய அதிகாரி தணிக்கையாளர்களிடம் பொய் சொன்னதற்காக 5,000 வெள்ளி அபராதம் கட்டினார். இரண்டு சைக்கிளின் விலை, கொஞ்சம் கூட.

இதைக் கண்டுபிடித்தது யார்? நாடாளுமன்றமா? பொதுக் கணக்குக் குழுவா? இல்லை. சைக்கிள் விலை தெரிந்த யாரோ ஒரு சாதாரண ஆள். விலையைப் பார்த்தார், இணையத்தில் எழுதினார், ஊர் பேசியது. அதற்குப் பிறகுதான் மன்றத்துக்குக் கண் திறந்தது.

பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் வேலையே தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையை எடுத்துவைத்து அதிகாரிகளைக் கேட்பது. இந்தியாவில் 1967 முதல் இந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். ஆட்சியைத் தணிக்கை செய்ய ஆட்சிக்காரனைத் தலைவராகப் போட மாட்டார்கள், அது அங்கே பாலபாடம். இங்கே தலைவர் ஆளுங்கட்சிக்காரர். குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிறது. அமைச்சுகள் விளக்கக் குறிப்பு அனுப்புகின்றன. குழு அதைப் படித்துவிட்டு அறிக்கை எழுதுகிறது. அறிக்கையின் மொழியை ஒரு தடவை படித்துப் பாருங்கள். "குழு கவனத்தில் கொள்கிறது." "குழு வரவேற்கிறது." "குழு ஊக்குவிக்கிறது." பாலர்பள்ளி ஆசிரியையிடம்கூட இத்தனை பொறுமை கிடையாது.

ஊர்ப் பக்கம் இதைவிட மோசம் என்று சொல்வீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டம் அறிக்கையை ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் காவல் துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசனின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். அதே நாளில்தான் ஜெயலலிதா மரணத்தைப் பற்றிய ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் மக்கள் எதைப் பேசுவார்கள் என்று யாருக்கோ நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே அறிக்கை வர நாலு வருடம். இங்கே நாலு மாதத்தில் வழவழப்பான தாளில் வந்துவிடும். வந்த பிறகு இரண்டு ஊரிலும் அலமாரி ஒன்றுதான்.

அங்கே ஒரு வசதி உண்டு. 2005இலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டி ஒரு டீக்கடைக்காரர் மாவட்ட ஆட்சியரை ஆட்டிப்படைக்கலாம். இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. நம்மிடம் இருப்பது 1935இல் வெள்ளைக்காரன் இயற்றி, விட்டுப் போன அதிகாரபூர்வ இரகசியச் சட்டம். அவன் கட்டிய பங்களாவைப் பராமரிப்பது போலவே அதையும் பத்திரமாகப் பராமரிக்கிறோம்.

அப்படிக் காத்த ஓர் இரகசியத்தைப் பாருங்கள். 2008 பிப்ரவரி 27ஆம் தேதி விட்லி ரோடு தடுப்பு நிலையத்திலிருந்து, பயங்கரவாதச் சந்தேகத்தில் அடைபட்டிருந்த மாஸ் சலாமத் தப்பினார். கழிவறை ஜன்னலுக்குக் கம்பி இல்லை. நாட்டின் ஆகப் பாதுகாப்பான இடத்தில் ஒரு கழிவறை ஜன்னல் திறந்து கிடந்தது. நம் கழக வீட்டு ஜன்னலில் குழந்தை விழாமல் இருக்க நாமே கையிலிருந்து காசு போட்டு கம்பி வைக்கிறோம். விசாரணைக் குழு அமைந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி அமைச்சர் வோங் கான் செங் அதன் சுருக்கத்தை நாடாளுமன்றத்தில் சொன்னார். முழு அறிக்கை வெளியே வரவில்லை. பாதுகாப்புக் காரணம். தப்பியவர் ஒரு வருடத்துக்குப் பிறகு ஜொகூரில் பிடிபட்டார். அந்த ஜன்னலுக்கு எப்போதோ கம்பி போட்டிருப்பார்கள். இன்னமும் யாரைப் பாதுகாக்கிறது அந்த இரகசியம்?

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டு ஆளுங்கட்சி ஆட்சிக்கு வந்த கதையிலேயே ஒரு விசாரணை உண்டு. 1959 பிப்ரவரி. மக்கள் செயல் கட்சி அப்போது எதிர்க்கட்சி. கல்வி அமைச்சர் சியூ சுவீ கீயின் கைக்கு அமெரிக்கப் பணம் லட்சக்கணக்கில் வந்ததாக மேடையில் சொன்னார்கள். சட்டமன்றத்தில் எழுப்பினார்கள். விசாரணை ஆணையம் வந்தது. மார்ச்சில் அமைச்சர் பதவி விலகினார். மே மாதத் தேர்தலில் 51 இடங்களில் 43ஐ மக்கள் செயல் கட்சி அள்ளியது. வருமான வரித் துறைக்குள்ளிருந்து கசிந்த இரகசியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஆட்சியைப் பிடித்தவர்கள், பிடித்த கையோடு அந்தக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள். சமர்த்தர்கள்.

இதுவரை சிரித்தாயிற்று. இனி சிரிக்க முடியாது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு. திறந்த விசாரணை. சாட்சிகள். எல்லாம் செவ்வனே நடந்தது. 2014 ஜூனில் அறிக்கை வந்தது. குடி பெரிய காரணி என்றது. வேலை, தங்குமிடம் பற்றிய மனக்கசப்பு காரணம் இல்லை என்றது. 2015இல் சட்டம் வந்தது. இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியா மதுக்கட்டுப்பாட்டு வட்டாரம். சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் குளிர்பெட்டிக்குப் பூட்டு. பீர் பாட்டிலைக் கண்டுபிடித்த அளவுக்கு இந்த விசாரணை வேறு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆறு வருடம். 2020 ஏப்ரல். அதே தொழிலாளர்கள், அதே விடுதிகள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர், சில இடங்களில் இருபது பேர். இரண்டடுக்குக் கட்டில். பொதுக் கழிவறை. அந்த வருட முடிவுக்குள் விடுதிகளில் 50,000 பேருக்கு மேல் கொவிட். தங்குமிடம் காரணம் இல்லை என்று எழுதிய தாளின் மை சரியாகக் காயக்கூட இல்லை, தங்குமிடமே காரணமாகி நின்றது.

மே 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் ஆந்தியா ஓங் கேட்டார்: அந்தத் தொழிலாளர்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்குமா? மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோவின் பதில்: மன்னிப்புக் கேட்கச் சொல்லி எந்த ஒரு வெளிநாட்டு ஊழியரும் தம்மிடம் கோரியதில்லை.

கோரியதில்லையாம். வேலை அனுமதிச் சீட்டை முதலாளி ஒரு கையெழுத்தில் ரத்து செய்யலாம். அறைக்கு வெளியே கால் வைக்கத் தடை. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் வட்டியோடு காத்திருக்கிறது. அந்த ஆள் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, அமைச்சரைத் தேடிப் போய், "அம்மா, எங்களிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டால் நன்றாக இருக்கும்" என்று விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆகவே தேவை இல்லை. நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு எத்தனையோ வருடம் இருக்கும். இருக்கட்டும்.

ஒரு பேருந்து, ஒரு மரணம், ஓர் இரவு: அதற்கு நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு. ஐம்பதாயிரம் நோயாளிகளுக்கு? விசாரணைக் குழு இல்லை. தெரிவுக்குழு இல்லை. மூன்று வருடம் கழித்து, 2023 மார்ச்சில், அரசாங்கம் தன்னைப் பற்றித் தானே ஒரு வெள்ளை அறிக்கை எழுதிக்கொண்டது. விடுதிகளை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொண்டது. இரண்டு நாள் விவாதம். யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பெயர் இல்லை, பதவி இல்லை, தேதி இல்லை. பிடோக் கூரைக்கு எல்லாம் இருந்தது: அதிகாரியின் பெயர், மின்னஞ்சலின் தேதி, வரி, நிறுத்தற்குறி.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு: எதையும் யாரும் திருடிக்கொண்டு வரவில்லை. 1955 முதலான நாடாளுமன்றப் பேச்சுகள் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகள் கிடைக்கின்றன. ஹார்ட்பீட் பிடோக் கட்டடத்தில் இருக்கும் நூலகத்தில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து இலவசமாகப் படிக்கலாம். ஆட்சியாளர்கள் நம்மிடம் மறைக்கும் விஷயங்கள் உண்டுதான். ஆனால் நம் முன்னாலேயே வைத்துவிட்டு, இவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கும் விஷயங்கள் அதைவிட அதிகம். அந்த நம்பிக்கையை இதுவரை நாம் ஒரு தடவைகூடப் பொய்யாக்கியதில்லை. 2025 தேர்தலில் 97 இடங்களில் 87ஐ ஆளுங்கட்சிக்குக் கொடுத்தோம்.

அடுத்த அறிக்கை வழக்கமாக ஜூலையில் வரும். வந்ததும் இறக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கோபம் வரும் பக்கம் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுங்கள். புளோக் அடியில் நடக்கும் மக்கள் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். வரிசை எண் வாங்கி உட்காருங்கள். உங்கள் முறை வந்ததும் எம்.பி.யிடம் கார் நிறுத்த அபராதத்தைப் பற்றியோ பேரனின் பள்ளி இடத்தைப் பற்றியோ பேசாதீர்கள். அந்தத் தாளை மேசைமேல் வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைப் பற்றி நீங்கள் மன்றத்தில் என்ன பேசினீர்கள்?" பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.